வால்பாறைப் பெட்டி

தினமும் பத்துத் தடவை வால்பாறைக்குப் போய்ட்டு வர்ற ஆளுங்க நானு. ஒம்பது வருசமா. பஸ்ல போறது இன்னிக்குத்தான் மொதத் தடவை. அதனாலதான் உங்ககிட்ட ஜன்னலோரம் கேட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. நாப்பது வளைவுன்னு ஆபீஸ்ல பயமுறுத்தி விட்டிருக்காங்க. வாந்தி வந்தா உங்க மேல வரக்கூடாது பாருங்க.

நீங்க வால்பாறை டவுனுங்களா? ஓ, அதையும் தாண்டியா? எஸ்டேட் முக்குல ரொட்டிக்கடையா? அப்ப எங்க கிளினிக் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பச்சைப் போர்டு, ரெண்டு ரூமு, பின்னாடி ஒரு சின்னக் குவார்ட்டர்ஸு. அதேதான். கோயமுத்தூர்ல இருக்கற எங்க ஆஸ்பத்திரியோடதுங்க அது. இல்லீங்க, நான் டாக்டர் இல்ல. கம்ப்யூட்டர் லைன் பாக்கறவன். பேரு நாச்சிமுத்து.

அங்க இருக்கற நர்ஸ் அம்மாவுக்கு ஒரு கவர் எடுத்துட்டுப் போறேன். வேலையை விட்டு நிறுத்தற ஆர்டருங்க. என்னை அப்படிப் பாக்காதீங்க, எழுதினது நானில்ல. கொண்டு போறது மட்டுந்தான் நானு. பஸ்சு மெதுவாத்தான் ஏறும், சொல்றேன் கேளுங்க. யாருகிட்டயாவது சொன்னாத் தேவலைன்னுதான் இருக்குது எனக்கும்.

எங்க ஆஸ்பத்திரிக்கு எட்டு ஊர்ல சின்னச் சின்னக் கிளினிக் இருக்குது. எட்டுலயும் டாக்டர் கெடையாது, நர்ஸ் ஒருத்தங்கதான். நெஞ்சு வலின்னு யாராவது வந்தா ஈசிஜி எடுப்பாங்க, அது லைன்ல கோயமுத்தூருக்கு வரும், அங்க டாக்டர் பாத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லுவாரு. அந்த லைன் கிளினிக்கை விட்டு வெளிய போற எடத்துல ஒரு பெட்டி இருக்கும். கேட்வேம்பாங்க. மில்லு கேட்டுல வாட்ச்மேன் நிப்பான் பாருங்க, யாரை உள்ள விடறது, யாரை நிறுத்தறதுன்னு, அந்த வேலைதான் அதுக்கு. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். எட்டுப் பெட்டியையும் பாத்துக்கறது நானு ஒருத்தன்.

பாத்துக்கறதுன்னா போய்ப் பாக்கறது இல்லீங்க. என் மேஜைல ஒரு கருப்புத் திரை. அதுல பெட்டியோட நம்பரை அடிச்சு பாஸ்வேர்டு போட்டா பெட்டிக்குள்ள போயிருவேன். படம் கெடையாது, பட்டன் கெடையாது, வெறும் எழுத்துத்தான். நான் ஒரு வரி அடிப்பேன், அது ஒரு வரி பதில் சொல்லும். காலைல பழனி போய்ட்டு, தாராபுரத்தை எட்டிப் பாத்துட்டு, வால்பாறைல ஒரு வரி மாத்திட்டு டீ குடிக்க எந்திரிப்பேன். அலைச்சல் இல்லாத பொளப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. அலைச்சல் இல்லைதான், ஆனா அலுப்பு இருக்குதுங்க. எட்டுப் பெட்டியும் எந்நேரமும் மண்டைக்குள்ள மினுக்கிட்டே இருக்கும். கோயிலுக்குப் போனாலும் மினுக்கும், கல்யாணத்துக்குப் போனாலும் மினுக்கும். அம்பத்தி நாலு வயசுல இனி எதை விட்டுட்டு எங்க போறது.

பெட்டிக்குள்ள போனதும், அணையாம எத்தனை நாளா ஓடிட்டு இருக்குன்னு அதைக் கேக்கலாம், சொல்லும். பழனி நானூத்திப் பன்னெண்டு நாளு. தாராபுரம் அறுநூத்திச் சொச்சம். நமக்கு அதுல ஒரு பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். வால்பாறை எத்தனைங்கறீங்க? மிஞ்சிப் போனா ஒம்பது மணி நேரம். நாளைக்குக் கேட்டாலும் ஒம்பது மணி நேரம். மாசாமாசம் நான் குடுக்கற ரிப்போர்ட்ல ஏழு பச்சை, ஒரு செகப்பு.

காரணம் அந்த சிஸ்டருங்க. ஜெசிந்தான்னு பேரு. தெனமும் சாயந்திரம் ஆறு மணிக்குக் கிளினிக்கைச் சாத்தறப்ப மெயினை அணைச்சுருவாங்க. ஃபேன், லைட்டு, அதோட என் பெட்டியும். ஏன் சிஸ்டர்னு கேட்டா, இடி சார், மலையில எல்லாரும் அப்படித்தான் சார்ம்பாங்க. ஒருக்கா இடி எறங்கி டிவி கருகிப் போச்சாம். நீங்களும் கடைல அணைச்சுட்டுத்தான் போவீங்களா? அப்ப ஊரே அப்படித்தான் போல. ஆனா ரொட்டிக்கடை வேற, கேட்வே வேறங்க. மொத வருசம் தன்மையாச் சொன்னேன், ரெண்டாவது வருசம் கோவமாச் சொன்னேன். ரெண்டுக்கும் "சரிங்க சார்"தான். மறுநா பாத்தா ஒம்பது மணி நேரம்.

பேச்சும் அப்படித்தானுங்க அந்தம்மா. லைன் வரலைன்னா, எந்த லைட்டு எரியுதுன்னு போன்ல கேப்பேன். பச்சையா செகப்பான்னு கேட்டா பச்சைன்னு சொல்லிட்டுப் போகணுமா இல்லையா? "பச்சைதான் சார், ஆனா சோர்ந்தாப்ல எரியுது"ம்பாங்க. நோயாளியைப் பாத்துச் சொல்றாப்ல. போனை எடுத்த ஒடனே சாப்டீங்களா சார். என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் ஆனப்ப ரெண்டு மாசம், அவங்க எப்படி இருக்காங்க, நடக்கறாங்களான்னு கேட்டுட்டுத்தான் லைட்டைப் பாக்கவே எந்திரிப்பாங்க. வேலை நேரத்துல இதெல்லாம் எதுக்குங்க? நான் அவங்க வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? ஒம்பது வருசத்துல ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதுல நான் ஒழுங்கு.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்குது, அதைச் சொன்னாத்தான் மிச்சம் உங்களுக்குப் புரியும். தூரத்துல இருந்து பெட்டில எதையாவது மாத்தறோம்னா, மாத்தறதுக்கு முந்தி ஒரு வரி அடிச்சு வெச்சுக்கணும். பத்து நிமிசம் கழிச்சு நீயா அணைஞ்சு நீயா எந்திரின்னு. மாத்தினது சரியா வந்துட்டா அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கலாம். ஏதோ தப்பாப் போயி நம்மளையே அது வெளிய தள்ளிருச்சுன்னா, கையைக் கட்டிட்டுப் பத்து நிமிசம் உக்காந்திருந்தாப் போதும். பெட்டி அணைஞ்சு எந்திரிச்சு, நாம மாத்தினதை எல்லாம் மறந்துட்டுப் பழையபடி நிக்கும். சேவ் பண்ணாதது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காது. ஏழு பெட்டிலயும் அந்த வரியை அடிக்காம நான் ஒரு புள்ளி கூட மாத்த மாட்டேன்.

வால்பாறைல மட்டும் அடிக்கறது இல்ல. எதுக்கு அடிக்கணும்? தப்பாப் போனாலும் ஆறு மணிக்கு அந்தம்மா எப்படியும் அணைச்சுருவாங்க, காலைல போட்டாப் பழையபடி வந்துரும். அதனால புதுசா எது செய்யறதா இருந்தாலும் மொதல்ல வால்பாறைலதான் செஞ்சு பாப்பேன். இத்தனை வருசத்துல ஏழெட்டுத் தடவை வெளிய மாட்டியிருப்பேன். லைன் இல்லைங்க சார்னு கூப்புடுவாங்க. மழை சிஸ்டர், காலைல வந்துரும்னு சொல்லுவேன். காலைல வந்துரும். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்காக அவங்க அணைக்கறது சரின்னு ஆயிருங்களா? தப்புத் தப்புத்தான்.

போன ஏப்ரல்ல மேல இருந்து கேட்டாங்க, ஏன் ஒண்ணு மட்டும் எப்பவும் செகப்புன்னு. நான் விவரமா எழுதிப் போட்டேன். ஒடனே செவுத்துல ஒரு இரும்புப் பெட்டி அடிச்சு, அதுக்குள்ள கேட்வேயை வெச்சு, மெயினை அணைச்சாலும் அணையாத மாதிரி தனி ஒயர் இழுத்து, கூடவே ஒரு யூபிஎஸ்ஸும் வெச்சுப் பூட்டி, சாவியை எனக்கு அனுப்பிட்டாங்க. யூபிஎஸ் நானே பாத்துப் பாத்து வாங்கினது, கரண்ட் போனாலும் ஆறு மணி நேரம் தாங்கும். தெனமும் அணைச்சதுக்காக சிஸ்டருக்கு ஒரு மெமோவும் போச்சு. அது நான் கேக்கலீங்க, அவங்களாக் குடுத்தாங்க. அப்பறம் என்ன, நூத்திப் பதினாலு நாள் வால்பாறை பச்சை. எட்டும் பச்சையா வந்த ரிப்போர்ட்டை ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். சம்சாரம் பாத்துட்டு, சரி சாப்புட வாங்கன்னா.

இப்ப இந்தத் திங்கக்கெழமை. காலைல பதினோரு மணி. கண்டவங்க பெட்டிக்குள்ள வரக்கூடாது, யாரெல்லாம் வரலாம்னு ஒரு பட்டியல் போடுன்னு உத்தரவு. வழக்கம்போல வால்பாறைல ஆரம்பிச்சேன். வழக்கம்போல அந்தப் பத்து நிமிச வரியை அடிக்கல. யாரையும் உள்ள விடாதேன்னு மொத வரி அடிச்சேன். எங்க ஆபீஸை மட்டும் விடுன்னு ரெண்டாவது வரி அடிக்கணும். அதுக்குள்ள கேட்டைச் சாத்திருச்சு. நானே கேட்டுக்கு வெளிய நின்னுதானே பேசிட்டு இருக்கேன்? கிளினிக்ல இருந்து வர்றது எல்லாம் எங்க ஆபீஸ் வழியாத்தான் வரணும், அதுவும் அத்தோட நின்னு போச்சு. வரிசையை மாத்தி அடிச்சிருக்கணும். முப்பது வருச சர்வீஸ்காரன் செய்யற தப்புங்களா அது?

திரை அப்படியே நின்னுருச்சு. எண்டர் தட்டறேன், தட்டறேன், அசையல. அப்பறம், சரி, ஆறு மணிக்கு அணைச்சுருவாங்கன்னு நெனைச்சுட்டு டீ குடிக்கப் போய்ட்டேங்க. டீ பாதி குடிக்கறப்பத்தான் ஞாபகம் வந்துது, அணைக்க முடியாது, பூட்டுச் சாவி என் டிராயர்ல கெடக்குதுன்னு.

திரும்பி வந்தா போன் அடிச்சுட்டு இருக்குது. அந்தம்மாதான். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். "சார், நீங்க உள்ள இருந்தீங்கதானே? இரும்புப் பெட்டி ஓட்டை வழியா தெரியும் சார். நீங்க ஏதாவது பண்றப்பதான் ரெண்டாவது லைட்டு வேகமா மினுக்கும். மினுக்கிட்டே இருந்துச்சு, சட்டுனு நின்னுருச்சு."

ஒம்பது வருசமா நான் வர்றதையும் போறதையும் லைட்டை வெச்சே தெரிஞ்சு வெச்சிருக்காங்க பாருங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

"இல்லீங்க சிஸ்டர், நான் இன்னிக்கு அந்தப் பக்கமே வரல"ன்னு சொன்னேன்.

சரிங்க சார்னாங்க. பொறகு, "பூட்டை உடைச்சுரட்டுமா சார்? ஒரு கல்லு போதும். அணைச்சுப் போட்டா வந்துரும்ல?"ன்னாங்க.

வந்துருங்க. ரெண்டே நிமிசத்துல வந்திருக்கும். அணைக்கணும், பத்து எண்ணணும், போடணும், அவ்வளவுதான் வேலை. ஆனா அப்படி வந்துட்டா, ஒயர் நல்லா இருந்துது, கரண்ட் நல்லா இருந்துது, பின்ன எது கெட்டுப் போச்சுன்னு ஆபீஸ்ல கேப்பாங்க பாருங்க. ஆஸ்பத்திரி சொத்தை உடைக்கக் கூடாது சிஸ்டர், நீங்க கையே வெக்காதீங்கன்னு கண்டிச்சுச் சொல்லிட்டேன். செவ்வாக்கெழமை பூராவும் லைன் குடுக்கற கம்பெனி மேல புகார் போட்டு ஒப்பேத்தினேன். மூணு நாளா உங்க ஊர்லயும் கரண்ட் போகவே இல்லியாமே? போயிருந்தாலும் நான் வாங்கிக் குடுத்த யூபிஎஸ் தாங்கியிருக்கும்.

ஆமாங்க, அந்த ஈசிஜி விசயம் எனக்கும் தெரியும். தேயிலை எடுக்கற அம்மா ஒருத்தங்களுக்கு நெஞ்சு வலின்னு வந்தாங்களாம். அங்க பேசறதுக்குத்தான் சிக்னல், படம் போகாது. அந்தக் காயிதத்தைப் போட்டோ எடுத்துட்டு, மழையில மாதா கோயில் மேட்டுக்கு ஏறிப் போய் டாக்டருக்கு அனுப்பினாங்களாம். அவரு பாத்துட்டு ஒடனே பொள்ளாச்சிக்குக் கொண்டு போகச் சொல்லி, இப்ப நல்லா இருக்காங்கன்னு கேள்வி. மூணு நாள்ல பதினோரு தடவை மேடேறியிருக்காங்க. நீங்களே பாத்தீங்களா? சேலையைத் தூக்கிச் சொருகிட்டு ஏறினாங்களா? சரிங்க. அது அவங்க வேலைதானுங்களே. நான் இல்லைன்னு சொல்லல.

நேத்து மீட்டிங். ஆஸ்பத்திரி நிர்வாகம் பாக்கற ஏ.ஓ. வேதவல்லி மேடம் என்னைக் கூப்புட்டு என்ன காரணம்னு கேட்டாங்க. இந்த எட்டுப் பெட்டியையும் சென்னைக் கம்பெனி ஒண்ணுகிட்டக் குடுத்துறலாம்னு ஆறு மாசமாப் பேச்சு ஓடுது, அதையும் நீங்க நெனைச்சுப் பாக்கணும். நான் என்ன எழுதினேன் தெரியுங்களா? "மின் இணைப்பில் தடை ஏற்பட்டிருக்கலாம்." அவ்வளவுதான். ஏற்பட்டிருக்கலாம். சிஸ்டர் பிடுங்கினாங்கன்னு எங்கயாவது இருக்குதுங்களா? மேடம் அந்தப் பழைய மெமோவைத் தேடி எடுத்து என் காயிதத்தோட சேத்துப் பின் அடிச்சாங்க. பின் அடிச்சது நானா?

"அந்தம்மா ஏதாவது ஒயரை இழுத்து விட்டிருப்பாங்களா?"ன்னு கேட்டாங்க மேடம்.

"நான் எப்படிங்க மேடம் சொல்ல முடியும், நான் அங்க இல்லையே"ன்னு சொன்னேன். உண்மைதானுங்களே. நான் அங்க இல்ல.

ஒரு மணி நேரத்துல கவர் வந்துருச்சு. பெட்டியைச் சரி பண்ணப் போறது நீங்கதானே, கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்கன்னுட்டாங்க. கூடவே சிஸ்டரோட பைலும் மேஜைல இருந்துது, புரட்டிப் பாத்தேன். வீட்டுக்காரர் மேல மரம் முறிஞ்சு விழுந்து, இடுப்புக்குக் கீழ வேலை செய்யாம அஞ்சு வருசமாப் படுக்கைலயாம். அந்தக் குவார்ட்டர்ஸ்லதான். வேலை போனா குவார்ட்டர்ஸைப் பதினஞ்சு நாள்ல காலி பண்ணணும்னு கவர்லயே எழுதியிருக்குது. ஒம்பது வருசம் எங்கிட்டப் பேசறாங்க, இதை ஒரு வார்த்தை சொல்லலீங்க அந்தம்மா. சொன்னா என்ன குறைஞ்சு போகும்? எனக்குக் கோவமே வந்துது.

ஒரு நிமிசம், போன் வருது. இந்த ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினா சிக்னல் போயிரும்னாங்க, பேசிர்றேன்.

ஆமாங்க சிஸ்டர், ஏறிட்டேன். ஜன்னலோரந்தான். இல்லீங்க, இன்னும் வாந்தியெல்லாம் இல்ல. அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர், நான் பன்னு கின்னு வாங்கித் தின்னுக்குவேன். சரிங்க. சரிங்க. அதான் சரின்னுட்டேனே. வெச்சர்றேன்.

கேட்டீங்களா? மழை ஊத்துதாம், முக்குல பஸ் நிக்கற எடத்துக்குக் குடை கொண்டு வந்து நிக்கறாங்களாம். என்னை எப்படி அடையாளம் தெரியும்னு கேக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அவங்களே, கீழ்நாட்டுல இருந்து புதுசா எறங்கறவங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியும் சார்னுட்டாங்க. கோழிக்குழம்பு வெச்சிருக்காங்களாம். வீட்டுக்காரரும் என்னைப் பாக்கணும்னு சொல்றாராம். எங்க வீட்டம்மா கூட ஒம்பது வருசமாப் பேசறவர் யாருன்னு நானும் பாத்துக்கறேன்னு சிரிச்சாராம். இப்பத்தானுங்க வீட்டுக்காரர்னு ஒரு வார்த்தை அவங்க வாயில வருது. இன்னிக்குப் பாத்து.

லைன் ஏன் போச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. திங்கக்கெழமைக்கு அப்பறம் அதைப் பத்தி அவங்க பேசவே இல்லீங்க. மேடம் போன்ல கேட்டப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம், சாரு பாத்துக்குவாருன்னு சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டாவது லைட்டைப் பத்திச் சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்க என் கதை. சொல்லல. ஏன் சொல்லலைன்னு நானும் மூணு நாளா யோசிக்கறேன். மறந்திருப்பாங்க.

நான் போயி அணைச்சுப் போட்டா, பெட்டிக்கும் மறந்துரும். நான் அடிச்ச வரி எங்கயும் இருக்காது. எனக்கும் அந்தம்மாவுக்குந்தான் தெரியும். நீங்க கேக்க வர்றது புரியுதுங்க. அது என் தப்புங்க மேடம்னு ஒரு வரி அனுப்பினா என்னன்னு. நேத்து வீட்டுல உக்காந்து போன்ல அடிச்சேன். அடிச்சு, அழிச்சு, மறுக்கா அடிச்சேன். முப்பது வருசத்துல எத்தனை லட்சம் வரி அடிச்சிருப்பேன், இந்த ஒரு வரி போக மாட்டேங்குது. பயமா இருக்குதுங்க. வெக்கமாவும் இருக்குது. இனிமே வேற எங்கயும் என்னை எடுக்க மாட்டாங்க. அந்தம்மா நர்சு, எங்க போனாலும் பொளைச்சுக்குவாங்க. படுத்த படுக்கையா ஒருத்தரை வெச்சுட்டு எங்க போவாங்கன்னு நீங்க கேப்பீங்க. தெரியலீங்க. எனக்குத் தெரியல.

ஏனுங்க, ஒரு ஒத்தாசை செய்யறீங்களா? நீங்களும் முக்குலதானே எறங்கறீங்க. அவங்களுக்கும் உங்களைத் தெரியும். இந்தக் கவரை நீங்க வெச்சுக்கங்க. நான் போயிப் பெட்டியைச் சரி பண்ணிட்டு, மூணு மணி பஸ்சுக்குத் திரும்பி ஏறிருவேன். பஸ்சு கெளம்பி அந்த வளைவைத் தாண்டினதுக்குப் பொறகு கொண்டு போய்க் குடுத்தாப் போதும். கையெழுத்து வாங்கித் தபால்ல போட்டுருங்க, விலாசம் மேலயே இருக்குது. நான் குடுத்தா அவங்க மூஞ்சியைப் பாக்கணுங்க. சோத்தைப் போட்டுட்டு எதுத்தாப்ல உக்காந்திருப்பாங்க, நான் எப்படி எடுத்து நீட்டறது? இந்தாங்க, பிடிங்க. கனமே இல்ல, ஒத்தைக் காயிதந்தான்.

ஏனுங்க, கவரை வாங்காமப் பையை எடுத்துட்டு எங்க எந்திரிக்கறீங்க? உங்க ஸ்டாப்பு இன்னும் வரலீங்களே.